வாயோரக் கோடுகள்

1899ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர் ராபர்ட் கெர்சூனி, நோயால் உறுப்பிழந்த ஓர் இளைஞனுக்காக வாசலீனை ஊசிவழியே உடலுக்குள் செலுத்தினார். அம்முறை விரைவிலேயே சீமாட்டிகளின் முகச்சுருக்கங்களைத் தேடிப் போயிற்று. செலுத்திய மெழுகு இடம் நகர்ந்தது, கட்டியாய் இறுகியது, முகங்கள் சிதைந்தன.

1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழிலிருந்து ஹையலூரோனிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் வணிகம் கண்ணோடு நிற்குமா? வாயோரக் கோடுகளை நிரப்பவும் அதைப் பயன்படுத்த 2003இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. சில மாதங்களில் உடல் அதைக் கரைத்துவிடும். மீண்டும் ஊசி, மீண்டும் பணம். முதலாளிக்கு இதைவிட நல்ல சரக்கு ஏது!

வயது மட்டுமா இக்கோடுகளை வரைகிறது? வன்னியைப் பாருங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் தெருவோரக் கொட்டில்களில் அமர்ந்தனர். அவர்கள் ஏந்திய படங்களில் பல முகங்களின் வயது 2009உடன் நின்றுவிட்டது. ஏந்தியோர் முகங்களிலோ ஆண்டுக்கு ஆண்டு கோடுகள் ஆழ்ந்தன. பிள்ளைக்கு என்ன நேர்ந்ததென அறியாமலே கண்மூடிய தாய்மார் பலர்.