டைமிங் செயின் பிறந்த கதை

கார் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினின் வடிவம், கார் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஊர், இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு. பஞ்சாலை இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஒரு சிறு பட்டறையை, 1879-ல் ஜேம்ஸ் ஸ்லேட்டரிடமிருந்து விலைக்கு வாங்கினார் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் பிறந்து, மான்செஸ்டருக்குப் பிழைக்க வந்த இளைஞர் அவர்.

அந்தக் காலத்துச் செயினில், மெல்லிய தகட்டின் துளைக்குள், தகடுகளை இணைக்கும் பின் என்ற கம்பி நேரடியாகத் திரும்பும். பாரம் முழுவதும் தகட்டின் தடிமன் அளவே உள்ள இடத்தில் இறங்கும். பின்னும் துளையும் சீக்கிரமே தேய்ந்து, செயின் தொய்ந்துவிடும். 1880-ல் ரெனால்ட் காப்புரிமை பெற்ற செயினில், உள்தகடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டிக் குழாய் வந்தது. அதுதான் புஷ். பின் அதன் முழு அகலத்திலும் படிந்து திரும்ப, பாரம் பரவியது, தேய்மானம் குறைந்தது. புஷ்ஷின் மேல் சுழலும் ரோலர், பல்சக்கரத்தின் பல்லில் உரசாமல் உருண்டு இறங்கியது.

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. 1895-ல் ரெனால்ட், சத்தம் குறைந்த பல்வடிவச் செயினையும் கொண்டுவந்தார். ஆரம்ப கால எஞ்சின்களில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றியவை பெரும்பாலும் பல்சக்கரங்களே. அவற்றின் இரைச்சலைக் குறைக்கத்தான் செயின் எஞ்சினுக்குள் நுழைந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தவறினால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கேம் ஷாஃப்ட் எஞ்சினின் தலைக்கு ஏறியபோது செயினின் நீளமும் பொறுப்பும் கூடின. 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின், இரட்டை வரிசைச் செயின்களை இரண்டு கட்டமாக வைத்து இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றியது. 1951-லும் 1953-லும் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார்களுக்குள் இருந்தது அந்த எஞ்சின்தான். அமெரிக்காவில் சில வி8 எஞ்சின்களுக்கு, சத்தம் குறைய வேண்டும் என்று நைலான் பல் வைத்த கேம் சக்கரம் போட்டார்கள். சூட்டில் நைலான் இறுகி, உடைந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தது. எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்தவர்கள் முதலில் கழற்றியெறிந்த பாகங்களில் அதுவும் ஒன்று. அதன் இடத்தில் எஃகுச் சக்கரமும் இரட்டை வரிசை ரோலர் செயினும் ஏறின.

ஆனால் வரிசை கூடினால் ஆயுள் கூடும் என்று அப்படியே நம்பிவிட முடியாது. வரிசை கூடும்போது எடையும் கூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றிலிருந்து 8,000 சுற்றுக்குப் போனால், செயினின் சொந்த எடையால் வரும் மையவிலக்கு இழுவை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. ஜி.எம். எல்எஸ் எஞ்சின்களை மேம்படுத்துகிறவர்கள் பலர், கார்வெட் சி5-ஆர் பந்தயக் காரின் பெயரால் விற்கும் ஒற்றை வரிசைச் செயினை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. பின், புஷ் இரண்டின் துல்லியத்தில்தான் பலம் இருக்கிறது.

மாற்றியமைத்த எஞ்சினில் செயினை அடிப்பது எது? கடினமான வால்வு ஸ்பிரிங்கும், வால்வை வேகமாகத் தூக்கும் கேமும்தான் முக்கியமாக. வால்வு திறக்கும்போது ஸ்பிரிங் கேமை எதிர்த்துத் தள்ளுகிறது. மூடும்போது முன்னால் உந்துகிறது. செயின் இறுகித் தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. கிராங்க் முனையில் அதிர்வை அடக்கும் டாம்பரைக் கழற்றிவிட்டு வெறும் அலுமினியப் புல்லி மாட்டுகிறவர்கள், முறுக்கு அதிர்வையும் சேர்த்துச் செயினின் தலையில் கட்டுகிறார்கள்.

செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்லும்போது, பெரும்பாலும் உலோகம் இழுபட்டிருக்காது. பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். 100 மூட்டு உள்ள செயினில் மூட்டுக்கு 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்த நீளம் 5 மில்லிமீட்டர் கூடிவிடும். தொய்வை எடுக்கும் டென்ஷனர் தள்ளக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. நீளம் கூடக் கூட வால்வின் நேரம் பிந்தும், அந்த எல்லையைக் கடந்தால் ஒரு நாள் செயின் பல் தாண்டும்.

ரெனால்ட் தீர்க்க முயன்ற அதே இடம்தான் இன்றும் தேய்கிறது. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் கரித்துகள் ஆயிலில் கலந்து அந்த மூட்டை அரிக்கிறது. அதனால்தான் 2020-ல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.பி. ஆயில் தரத்தில் டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே ஒரு சோதனை சேர்ந்தது.

எஞ்சினின் சக்தியைக் கூட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைத்திறனுக்குச் செலவழிக்கும்போதே செயின், டென்ஷனர், செயினுக்கு வழிகாட்டும் கைடு மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். டாம்பரைக் கழற்றாதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்கு முன்பே ஆயிலை மாற்றுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் கேட்டால், அன்றைக்கே முன்மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.