பன்றி என்றொரு சேமிப்புக் கணக்கு

2020 மே மாதம், ஊரடங்கு நேரம். அப்போது அஸ்ஸாமில் ஒரு கிளையில் இருந்தேன். பன்றி வளர்க்கக் கடன் வாங்கியிருந்த மகளிர் குழுவின் தலைவி வந்து நின்று, "ஏழும் போச்சு ஸார்" என்றார். உலகமே கொரோனா என்று நடுங்கிக்கொண்டிருக்க, இங்கே இன்னொரு வைரஸ். பெயர் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். ஆப்பிரிக்கா எங்கே, பிரம்மபுத்திராக் கரை எங்கே! அன்றைக்குத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான்.

கென்யாவில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பன்றிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 1921-ல் மாண்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் இந்நோயை முதன்முதலில் விவரித்து எழுதினார். அங்குள்ள காட்டுப்பன்றி இனமான வார்ட்ஹாக்குக்கு இந்த வைரஸ் பழைய சிநேகிதன், ஒன்றும் செய்யாது. அதன் வளையில் இருக்கும் ஒருவகை உண்ணி கடித்தால் நாட்டுப்பன்றிக்குப் பரவும். மனிதனுக்குத் தொற்றாது. ஆனால் நோய் ஊர் விட்டு ஊர் போவதற்கு மனிதன்தான் வாகனம்.

1957-ல் லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பண்ணைகளில், விமானத்தில் மிச்சமான சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கோலாவிலிருந்து வந்த விமானம் என்கிறார்கள். பன்றிகள் எல்லாம் காலி. உறைந்த இறைச்சியில் இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். அப்போது அடங்கியது, 1960-ல் திரும்பி வந்து ஸ்பெயினுக்கும் போனது. ஸ்பெயின் அதை ஒழிக்க 1995 ஆகிவிட்டது.

என்னை அதிகம் பாதித்தது ஹைட்டி கதை. அங்கே கிரியோல் பன்றி என்று சின்னதாக, கறுப்பாக ஒரு நாட்டு ரகம். தீவனச் செலவு கிடையாது, கிடைத்ததைத் தின்று வளரும். பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணமா, கல்யாணமா, சாவா, ஒன்றை விற்றால் போதும். வங்கியே பார்க்காத விவசாயிக்கு அதுதான் சேமிப்புக் கணக்கு. 1970-களின் கடைசியில் நோய் வந்தது. அமெரிக்கா வரை வந்துவிடுமோ என்ற பயத்தில், அமெரிக்கப் பணத்தில், 1983-க்குள் நோயில் பிழைத்தவை உட்பட அத்தனை பன்றிகளையும் கொன்று தீர்த்தார்கள். பதிலுக்கு அயோவாவிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குக் காசு கொடுத்து வாங்கிய தீவனமும் நல்ல கொட்டகையும் வேண்டும்! சொந்தக்காரர் வீட்டிலேயே அந்த வசதி இல்லை. இழப்பீடு பலருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. நோய் ஒழிந்தது, கூடவே கணக்கும் மூடப்பட்டது.

பிறகு 2007-ல் ஜார்ஜியாவின் போட்டி துறைமுகம். அங்கேயும் கப்பலில் வந்த உணவுக் கழிவுதான் காரணம் என்று நம்பப்படுகிறது. அங்கிருந்து ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா. 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங். 2020-ல் அருணாசலமும் அஸ்ஸாமும். ஆற்றில் பன்றிப் பிணங்கள் மிதந்தன. காசிரங்காவில் காட்டுப்பன்றிகள் ஊர்ப்பக்கம் வராமலிருக்க அகழி வெட்டினார்கள்.

நோயுள்ள பன்றியை அவசரமாக விற்பவர்கள் மேல் எனக்கு அப்போது கோபம். விற்கும் ஒவ்வொரு பன்றியும் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டு போகிறதே! தலைவியிடம் கேட்டேன். "செத்துப் போனதுக்கு ஒண்ணும் கிடைக்கல ஸார். சாகிறதுக்கு முந்தி வித்திருந்தா பாதியாவது வந்திருக்கும். நாங்க விக்கல" என்றார். கணக்குப் படித்த எனக்குப் பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நஷ்டம், மறைத்தால் பாதி லாபம் என்று ஏற்பாடு இருந்தால் எந்த நோயைத்தான் பிடிக்க முடியும்?

குழு இப்போது வாத்து வளர்க்கிறது. தவணையை நீட்டித்துக் கொடுத்தோம். கடைசித் தவணை வரை கட்டி முடித்தார்கள்.