கனவு கண்ட பேரரசன்

கி.பி. 383இல் பிரித்தானியாவிலிருந்த உரோமப் படையினர் தம் தளபதி மாக்னஸ் மாக்சிமஸைப் பேரரசனாக அறிவித்தனர். படையுடன் கடல் கடந்த அவன், 388இல் தியோடோசியஸிடம் தோற்று அக்குவிலேயாவில் கொல்லப்பட்டான். காவற்படையைக் கொண்டுசென்று நாட்டைப் பகைவர்க்குத் திறந்துவிட்டவன் என 6ஆம் நூற்றாண்டுத் துறவி கில்டாஸ் அவனைச் சாடினார்.

ஆயினும் வேல்சு மக்களின் இடைக்காலக் கதையில் அவனே மாக்சன் உலெடிக். கனவிற் கண்ட எலென் என்னும் நங்கையைத் தேடிக் கார்நார்வன் வந்து மணந்த காதலன். 9ஆம் நூற்றாண்டு எலிசெக் தூணின் கல்வெட்டோ, போவிஸ் நாட்டு அரசமரபை அவன் மகள் செவிராவோடு இணைத்தது.

உரோம ஆட்சி மறைந்தபின் ஆண்ட சிற்றரசர்க்குத் தம் உரிமையை நிலைநாட்ட உரோம மூதாதை ஒருவன் தேவைப்பட்டான். தோற்றவன் குலமுதல்வனானது அதனாலேயே. கில்டாஸ் புலம்பிய இழப்பும் தூண் பொறித்த பெருமையும் ஒரே மனிதனைப் பற்றியவை.