தூண்டிற்பொன்

சூது அதிகாரத்தின் முதற்குறளை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். சூதாட்டத்தில் பெறும் வெற்றி, மீன் தூண்டிற்பொன்னை விழுங்கியதை ஒக்கும் என்கிறார் வள்ளுவர். பொன் என்றால் இங்கே தங்கம் அன்று, இரும்பு. உலோகங்களுக்கெல்லாம் பொதுப்பெயராகவும் அச்சொல் வழங்கியது என்று, ஆண்டுதோறும் சொல்வதைச் சொன்னோம். இரையால் மறைக்கப்பட்ட இரும்பை இரையென்றே கருதி மீன் விழுங்குகிறது என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அதையும் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். பெருமாள் ஏரிப் பக்கத்து ஊர்க்காரர்.

"ஐயா, இரையே வேணாம். வெறும் தகரத்தை மின்ன மின்ன இழுத்தாலே விரால் வந்து அடிக்கும்."

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது என்று அன்றிரவே தோன்றிவிட்டது.

அவர் சொன்ன தகரத்துக்கு மேல்நாட்டில் ஸ்பூன் என்று பெயர். கரண்டியேதான். கைப்பிடியை நறுக்கி எறிந்துவிட்டு, குழிந்த முகத்தின் ஒரு முனையில் கயிறும் மறுமுனையில் முள்ளும் மாட்டினால் தீர்ந்தது. நீரில் இழுக்கும்போது குழிவின் காரணமாக அது நேராக வராது. தள்ளாடித் தள்ளாடி, ஒளியை இப்புறமும் அப்புறமும் வீசிக்கொண்டு வரும். அடிபட்ட சிறுமீனின் நடை அது. பெருமீனுக்கு அதுவே போதும். அமெரிக்காவின் வெர்மாண்ட் பகுதியைச் சேர்ந்த ஜூலியோ பூயெல் என்பவர் ஏரியில் படகிலமர்ந்து உண்ணும்போது கரண்டியைத் தவறவிட்டாராம். அது மின்னி மின்னி மூழ்குகையில் ஒரு மீன் பாய்ந்து கவ்விற்றாம். கதை உண்மையோ புனைவோ, 1852-இல் அவர் காப்புரிமை பெற்றது உண்மை. இன்றும் அந்நாட்டு நீர்த்தேக்கங்களில் வால்-ஐ என்னும் மீனைக் கோடையில் இப்படித்தான் பிடிக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்திலும் இரைதேடும்படி, ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் கொண்ட கண் அதற்கு. வெயில் ஏற ஏற அது ஆழத்துக் குளிர்நீருக்கு இறங்கிவிடும். கரண்டியும் பின்னாலேயே இறங்கும். ஆனால் மின்னும் பொருளைக் காட்டி மீனை ஏய்க்கும் வித்தைக்கு அமெரிக்கர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது. பசிபிக் தீவினர் முத்துச்சிப்பி ஓட்டைச் செதுக்கி இதே வேலையை நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றனர்.

நம்மவர் பாட்டில் தூண்டில் வரும் இடங்களில் நமக்கு மிகவும் பிடித்தது குறுந்தொகையின் 54-ஆம் பாடல். யானை வளைத்துத் தின்றுகொண்டிருந்த மூங்கிலை, கவண் ஒலிக்கு அஞ்சிக் கைவிடுகிறது. மூங்கில் விர்ரென்று மேலெழுகிறது. மீனை வெட்டியிழுத்த தூண்டிற்கோல் எழுவதுபோல் எழுகிறது என்கிறார் புலவர். இயற்பெயர் மறைந்து அந்த உவமையே அவருக்குப் பெயராகி, மீனெறி தூண்டிலார் ஆகிவிட்டார். கோல் நிமிரும் அந்த நொடியைக் கையால் உணர்ந்த ஒருவரன்றி வேறெவரும் இதை எழுதியிருக்க முடியாது என்பது நம் எண்ணம். நிரூபிக்க வழியில்லை.

கரண்டிக்குத் திரும்புவோம். இந்த நாட்டில் தூண்டிலை ஒரு விளையாட்டாகவும் நூற்பொருளாகவும் ஆக்கியவர்களில் முதன்மையானவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர். 'தி ராட் இன் இந்தியா' என்ற அவர் நூல் 1873-இல் வெளிவந்தது. ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலொன்றை 1887-இல் எழுதினார். துரைமார் பொழுதுபோக்கு என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. மீன்குஞ்சுகளை வாரியழிக்கும் வழக்கத்தைக் கண்டு, ஆற்றுமீன் வளத்தைக் காக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டமும், 1907-இல் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாண மீன்வளத் துறையும் வந்தன.

அக்காலத் துரைமாரின் கனவு, காவிரியின் திமில் மஹசீர். முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் கொண்ட பெருங்கெண்டை. 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ. கரண்டியும் இதற்குப் பயன்பட்டது, ராகி உருண்டையும் பயன்பட்டது. (மின்னும் உலோகத்துக்கும் களி உருண்டைக்கும் நடந்த போட்டியில் காவிரியைப் பொறுத்தவரை களி தோற்றதாகத் தெரியவில்லை.)

1934-இல் மேட்டூரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எழுந்தது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஓடும் ஆற்றின் மீனுக்கு நிற்கும் நீர் எப்படிப் பொருந்தும்? மேட்டூருக்கு மேலே, ஒகேனக்கல்லையும் கடந்து சிவசமுத்திரம் வரையிலான பகுதியே திமில் மஹசீரின் புகலிடமாக எஞ்சிற்று. 1970-களுக்குப் பின் நல்லெண்ணத்துடன் இன்னொன்று நடந்தது. லோனாவலாவில் டாட்டா நிறுவனத்தின் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளில் விடப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. மஹசீரைக் காப்பதுதான் நோக்கம். எந்த மஹசீரை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதைக் கேட்டவை தூண்டிற்காரர்களின் குறிப்பேடுகள்! கர்நாடகப் பகுதிக் காவிரி முகாம்களில், பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றில் விடுவது வழக்கம். எழுதி வைப்பதும் வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் பிண்டர், ராகவன், பிரிட்டன் ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நீலத்துடுப்பு பெருகப் பெருகத் திமில் மஹசீர் அருகிப்போனதை அக்கணக்கு காட்டிக்கொடுத்தது. நூற்றைம்பதாண்டுக் காலம் வேட்டையாடப்பட்ட அந்த மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியற்பெயர்கூட இல்லை என்பது வியப்புக்குரியது. 2018-இல்தான், மோயாற்றில் கிடைத்த மீன்களின் துணைகொண்டு, அது டோர் ரெமாதேவியே என்று தெளிந்தார்கள். அமராவதியில் வந்து சேரும் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட இனம் அது. அதே 2018-இல் மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பெயர் சூட்டு விழாவும் இழவுச் சேதியும் ஒரே ஆண்டில்.

இடையில், 2010-களின் தொடக்கத்தில், சரணாலயப் பகுதி முகாம்களில் தூண்டில் நிறுத்தப்பட்டது. விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயைக் கிழிப்பது தகாது என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தூண்டிலோடு குறிப்பேடும் போயிற்றே. அதற்கு ஈடாக வேறொரு கணக்கு தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா?

நெய்வேலிக் கோடைக்கு வருவோம். தமிழகத்து ஏரி பெரும்பாலும் கோடையில் வற்றும். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வற்றிய கண்மாயில் ஊரே இறங்கி, ஊத்தாவும் கச்சாவுமாக மீன்பிடித் திருவிழா நடத்துகிறது. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால் தொடக்கம். தூண்டிலுக்கு அங்கே வேலையில்லை. பெருமாள் ஏரியின் கதை வேறு. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீரூற்று இருக்கிறது. இறைக்காவிட்டால் அது சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே 1960-களின் தொடக்கம் முதல் இரவுபகலாக இறைக்கிறார்கள். அந்நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. ஆழ்துளைக் கிணறுகள் கீழே கீழே போய்விட்டன என்று சுற்றுக் கிராமத்தார் நெடுநாளாகச் சொல்லிவருவதும் இந்த இறைப்பைப் பற்றித்தான். ஒருவர் கிணற்றில் குறையும் நீர் இன்னொருவர் ஏரியில் மீனாகிறது.

மே மாதத்தில் ஒரு மாலை அந்த மாணவரோடு ஏரிக்கரைக்குப் போனோம். எண்ணெய்த் தகரத்தில் வெட்டிய, விரல் நீளமுள்ள துண்டு. ஓரம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. பாசியின் விளிம்பை ஒட்டி வீசி, விட்டுவிட்டு இழுத்தார். ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் நீர் வெடித்தது. கோல் நிமிர்ந்தது. முழங்கை நீள விரால் கரையில் துள்ளிற்று. அதன் வாயை மெல்ல விரித்து முள்ளைக் கழற்றியவர், "பரிமேலழகர் கடல்மீனைப் பாத்து எழுதியிருப்பாரோ ஐயா?" என்றார். குத்தகைக்காரர் வரும் நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு, மீனை நீரில் விட்டார்.