பம்பாய்க்குப் போன லீலாவதி

கட்டிய மனைவியிருக்கப் பிற மாதை நாடும் கணவனை நகைச்சுவைப் பாத்திரமாக்கும் வழக்கத்தின் சரித்திரத்தை ஆராயப் புகும் எவரும், பி.ஆர்.சோப்ரா 1978இல் எடுத்த ‘பதி பத்னி ஔர் வோ’ என்னும் ஹிந்திச் சித்திரத்தைத் தாண்டிச் செல்ல இயலாது. தன் மனைவி தீராத வியாதியால் மரணத்தை எதிர்நோக்கியிருப்பதாகக் காரியதரிசிப் பெண்ணிடம் பொய்யுரைத்து, சஞ்சீவ் குமார் அவளுடைய அனுதாபத்தைச் சம்பாதிக்கும்போது, நோய்நொடியின்றி வீட்டில் காத்திருக்கும் வித்யா சின்ஹாவின் முகம் நினைவுக்கு வந்து நம் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

அந்த மனச்சாட்சி பிற்காலத்தில் மங்கிவிட்டது என்பதே என் வருத்தம். பாலுமகேந்திரா 1995இல் இயக்கிய ‘சதிலீலாவதி’யில், கணவனின் அலட்சியத்துக்கு ஆளான பருத்த தேகமுடைய இல்லத்தரசி லீலாவதியாகக் கல்பனா நடித்தார், அவருடைய கண்ணீரில் கௌரவம் இருந்தது, கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழில் மண்வாசனை இருந்தது. அதே கதையை டேவிட் தவான் 1999இல் ஹிந்தியில் ‘பீவி நம்பர் 1’ ஆக்கியபோது, கரிஷ்மா கபூரின் மனைவிப் பாத்திரம் புடவையைக் களைந்து விளம்பர அழகியாக மாறித்தான் கணவனை மீட்கவேண்டியிருந்தது. வசூல் குவிந்தது, மெய்தான். லீலாவதியோ காணாமற் போனாள். 2002இல் தமிழில் வந்த ‘சார்லி சாப்ளின்’, 2005இல் ‘நோ என்ட்ரி’யாக ஹிந்திக்குச் சென்றது, அதில் மனைவியர் சந்தேகப்படுவதற்கும் சமாதானமடைவதற்குமே பயன்பட்டனர்.

ஹிந்திப் பிரதியை மட்டும் பார்த்துச் சலித்தவர்கள், கல்பனாவின் லீலாவதியை ஒருமுறை அவசியம் பார்க்கவேண்டும்.