சுமந்தவர்களின் ஊர்

கொடைக்கானல் ஏரி இயற்கையா அமைஞ்சதுன்னு ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இல்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கரை கட்டித் தேக்கிய தண்ணீர் அது.

அதற்கு முன்பே, 1845இல், மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அமெரிக்க மிஷனரிகள் இங்கே பங்களா கட்டினார்கள். அவர்களுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே இது பளியர்களின் மலை. பிறகு கோக்கர்ஸ் வாக், 1899இல் சூரிய ஆய்வகம், பிரையண்ட் பூங்கா. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்ததும் இங்கேதான்.

சரி, இவங்க எல்லாம் மேலே எப்படி வந்தாங்க? மேஜர் லா காட் ரோடு போடும்வரை, பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் செங்குத்தான பாதைதான் வழி. சிலர் குதிரையில் போனார்கள். துரைசானிகளையும் குழந்தைகளையும் நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் தூக்கி ஏற்றியவர்கள் அடிவாரத்துக் கூலிகள். பெட்டி படுக்கையும் அவர்கள் தலையில்தான்.

நான் எழுதுற நாலு வரி கோடுக்குக்கூட கமிட் ஹிஸ்டரியில் என் பேர் இருக்கு. கோக்கருக்கு நடைபாதை, பிரையண்டுக்குப் பூங்கா, லாவுக்குச் சாலை. சுமந்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட அந்த ஊரில் நான் எங்கும் பார்க்கவில்லை.

அடுத்த முறை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும்போது, அந்தத் தோள்களைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க.