நெய்யின் பதமும் செவியும்

எம் அன்னையாருக்குக் கடைசி ஆண்டுகளில் கண்பார்வை பெரிதும் குன்றிவிட்டது. ஆயினும் வெண்ணெய் உருக்கும் பணியை அவர் பிறரிடம் விட்டதில்லை. அடுப்பருகே செவிசாய்த்து அமர்ந்திருப்பார்; சடசடப்பு அடங்கியதும் "இறக்கு" என்பார். வெறும் கைப்பழக்கம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அதற்கு நூல்வழக்கும் உண்டென அறிந்தது பின்னர்தான்.

சார்ங்கதர சங்கிதை, 13 அல்லது 14ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்பெறும் வடமொழி மருத்துவ நூல். அரைத்த மூலிகைக் கற்கம் சேர்த்து நெய்யும் எண்ணெயும் காய்ச்சும் முறையைக் கூறுமிடத்து, பதம் அறியும் சோதனைகளையும் அது தருகின்றது. கற்கத்தை விரலால் உருட்டினால் திரிபோல் திரளவேண்டும். தீயிலிட்டால் ஓசை எழலாகாது. எண்ணெயாயின் நுரை எழும். நெய்யாயின் நுரை அடங்கும்.

மருந்து நெய் வேறு, வீட்டு நெய் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் ஓசைக்குக் காரணம் நீரே. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை வெப்பம் 100 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். தீர்ந்தபின் விரைந்து ஏறும். அடியில் தங்கிய பாற்கசடு பொன்னிறமாகும். சற்றே அயர்ந்தால் கருகும். முந்தி இறக்கினாலோ, எஞ்சிய நீரால் நெய் விரைவில் கெடும். இடைப்பட்ட பொழுது மிகச் சிறிது. பாரன்ஹீட் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714இல். அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அச்சிறு பொழுதைச் செவி பிடித்துவிட்டது!

மென்பதம், நடுப்பதம், கடும்பதம் என மூன்றாகப் பகுப்பதில் பழைய மருத்துவ ஆசிரியர்கள் ஒன்றுபடுகின்றனர், பயன்கொள்வதில் வேறுபடுகின்றனர். மூக்கிலிடும் மருந்துக்குச் சரகர் மென்பதத்தை விதிக்க, சுசுருதர் நடுப்பதத்தை விதிக்கிறார். அடுப்படியிலும் இவ்வழக்கு ஓயாததே. ஒருவருக்குப் பதமான நெய் அடுத்த வீட்டாருக்குக் கருகல்.

நம் சங்க நூல்களில் 'பதம்' என்னும் சொல் உணவையும் குறிக்கும், உரிய பருவத்தையும் குறிக்கும். உண்பதற்கும் உரிய வேளைக்கும் ஒரே சொல் அமைந்தது எமக்கு வியப்பாக இல்லை. எம் வருத்தம் வேறு. மருத்துவர் கண்ட பதம் ஏட்டில் ஏறியது. அடுப்படியில் நின்ற பெண்டிர் கண்ட பதமோ பெரும்பாலும் அவர்களோடே போயிற்று.

சார்ங்கதரர் கூறியதை ஒருநாள் அன்னையாருக்குப் படித்துப் பொருள் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, "எழுதினவர் அடுப்படியில நின்னவர்தான்" என்றார். பிறகு, நெய்யில் போட முருங்கையிலை ஒரு கொத்துப் பறித்துவரச் சொன்னார்.